கேட்பவரும் சோதனை இசையும்

கிளிநொச்சி

அன்பின் நண்பனுக்கு,

காலபோக அறுவடை முடிந்து நெல் மூட்டைகளும் வீட்டுக்கு வந்துசேர்ந்த பின்புதான் நீ செய்து அனுப்பிய இலத்திரனியல் இசையை ஆறுதலாக இருந்து கேட்க முடிந்தது. கேட்பவரை நினைக்கத் தொடங்கிய அன்றே, பழகிய மெட்டை விட்டுப் புது ஒலிகளைத் தேடும் சோதனை இசை செத்துவிடும் என்று எழுதியிருந்தாய். அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

அமெரிக்க இசையமைப்பாளர் மில்ற்றன் பாபிற் 1958இல் எழுதிய கட்டுரையை, 'நீங்கள் கேட்டாலென்ன, விட்டாலென்ன' என்ற பொருள்படும் அதன் தலைப்பை வைத்தே பலரும் திட்டுகிறார்கள். அது சஞ்சிகை ஆசிரியர் சூட்டிய தலைப்பு. உயர்கணிதம் எல்லோருக்கும் விளங்க வேண்டுமென்று எவரும் கேட்காதபோது இசையிடம் மட்டும் ஏன் கேட்கவேண்டும், அதற்கும் பல்கலைக்கழகத்தில் ஓர் ஒதுங்கிடம் இருக்கட்டுமே என்பதுதான் பாபிற்றின் வாதம். கைதட்டலை எண்ணிச் செய்த இசை எங்கள் திருவிழாக்களில் விடியும்வரை அலறுவதைக் கேட்கிறவன் என்ற முறையில், அந்த வாதத்தில் எனக்கு அனுதாபமே உண்டு.

ஆனால் சமன்பாடு எவருடைய உடம்பையும் தொடுவதில்லை, ஒலி தொடும். உன் இசையின் நடுவில் ஒரு தாழ்ந்த சுருதி, சற்றே ஏறியும் இறங்கியும், நெடுநேரம் இரைந்துகொண்டே நிற்கிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அதை ஸ்பீக்கரில் போட்டபோது, குசினிக்குள் நின்ற அக்கா முற்றத்துக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். இறுதிப் போரில் இரவும் பகலும் தலைக்கு மேலே சுற்றிய வேவு விமானத்தை நாங்கள் 'வண்டு' என்று அழைத்தது உனக்கும் தெரிந்ததுதான்.

அந்தச் சுருதியை நீக்கிவிடு என்று நான் சொல்லவில்லை. நீக்கினால் அந்த இசையில் மிஞ்சுவது கொஞ்சந்தான். கேட்பவரின் இரசனையை நீ பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் எவ்வளவு உரத்து, எவ்வளவு நேரம், எழுந்து போக வழிவிட்டா விடாமலா என்பதையெல்லாம் தீர்மானிப்பவன் நீயே. வானொலிப் பொறியாளர் பியர் ஷேஃபர் 1948இல் ரயில் ஓசைகளை இசைத்தட்டுகளில் பதிந்து கோத்துச் செய்த இசை பிரெஞ்சு வானொலியில் போனது. பிடிக்காதவர் குமிழைத் திருகி நிறுத்தியிருக்கலாம். கதவடைத்த இருட்டு மண்டபத்தில், நெஞ்சு அதிரும் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் இருப்பவருக்கு அந்தக் குமிழ் இல்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் போலின் ஒலிவெரோஸ் 1988இல் நண்பர்களோடு நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றுக்குள் இறங்கி வாசித்தார். அங்கே ஓர் ஒலி அடங்குவதற்கு ஏறத்தாழ 45 விநாடிகள் எடுக்கும் என்பதால், முன்னர் எழுப்பியதைக் கேட்காமல் எவரும் அடுத்ததை எழுப்ப முடியாது. உன் இசையில் எனக்குக் குறைவாகத் தோன்றியது அந்தக் கவனந்தான்.

எங்கள் சனத்துக்கு இதெல்லாம் விளங்காது என்று மட்டும் சொல்லாதே. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் கூத்தை, இடையில் பாயில் சாய்ந்து கண்ணயர்ந்தும் எழுந்தும், விடிய விடியப் பார்க்கிற சனம் இது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தால், எங்கள் வாசிகசாலையில் ஒரு பகற்பொழுதில், கதவுகளைத் திறந்துவைத்து, அந்த இரைச்சல் வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போட்டுக்காட்டுவோம். ஸ்பீக்கர் பொக்ஸ்களை இங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். சுருக்கிய கோப்பை விட்டுவிட்டு மூலப்பதிவைக் கொண்டுவா.

அன்புடன்,
உன் நண்பன்