ஸ்திரீபார்ட் அக்காவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம்

அன்புள்ள அக்கா,

நாடக மேடையில் கதாநாயகி வேஷம் கட்டும் நீங்கள் போடப்போகும் புது ஆல்பத்தின் அறிவிப்பைப் பார்த்தேன். ஏழு பாட்டு, முழுக்க எலக்ட்ரானிக், ஆர்மோனியம் கிடையாது, மிருதங்கம் கிடையாது. அது வந்ததிலிருந்து என் போனில் ஒரே கேள்விதான்: “அக்காவுக்கு ஏன் இந்த வேலை?” கேட்டவர்களிடம் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன். பாடட்டும். நன்றாகப் பாடட்டும்.

நேரில் சொல்ல வேண்டியதைப் பொதுவில் எழுதுவதற்கு மன்னிக்கணும். ஆனால் பொதுவில் அறிவித்தது நீங்கள்தான். நாடகக்காரர்களும் இதைப் படிப்பார்கள், உங்கள் ஆல்பத்தைச் செய்யும் ஸ்டுடியோப் பையன்களும் படிப்பார்கள். அதனால் பணம், பங்கு, யார் யாரைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் இதில் வராது. உங்கள் தொண்டையைப் பற்றியும் எழுதப் போவதில்லை. பாட்டும் மைக்கும் மட்டும்தான்.

இந்த ஆல்பத்தைச் செய்து தரச் சொல்லி முதலில் என்னிடம்தான் கேட்டீர்கள், நான் மாட்டேன் என்றேன். அது உங்கள் குரலுக்குச் சொன்ன மாட்டேன் இல்லை. அன்று நீங்கள் கொண்டுவந்த டிராக்கில், கடையில் வாங்கிய லூப்பின், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டின் மேல் வள்ளியின் பாட்டு ஒட்டவைக்கப்பட்டிருந்தது. அதற்குச் சொன்ன மாட்டேன். இதை அன்றே விளக்கியிருந்தால் உங்கள் மனசு நொந்திருக்காது, அதற்காக வருந்துகிறேன். ஆனால் காரணம் கேட்காமல் எழுந்து போனவரும் நீங்கள்தானே?

ஒருமுறை விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் முடிந்து, முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். ஹெட்போனை மாட்டிவிட்டு லைசா மின்னெல்லி பாடிய ‘லூசிங் மை மைண்ட்’ போட்டேன். ஒரு கையில் எண்ணெய்த் துணி, மறு கை காதைப் பொத்தியிருந்தது. பாதிப் பாட்டில் துணி அப்படியே நின்றுவிட்டது. முடியும்வரை கேட்டுவிட்டு, “இந்தம்மா யாரைப் பாத்துப் பாடுது? எதிர்ல ஆளே இல்லையே” என்றீர்கள். ஒரு கன்னத்தில் இன்னும் ரோஸ் பவுடர் இருந்தது. திரும்பவும் போடச் சொன்னீர்கள். மறுபடி கேட்டதும், “ஆள் இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சேதான் பாடுது” என்றீர்கள். வார்த்தையே புரியாத பாட்டில் அதைக் கண்டுபிடித்த காது உங்களுடையது, அக்கா. உங்கள் ஆல்பத்துக்கு வேண்டிய மொத்தப் பாடமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதை நீங்களே மறந்துவிட்டீர்களோ என்றுதான் பயம்.

அந்தம்மா யார் என்று அன்று சொல்ல நேரமில்லை. 19 வயதில், 1965-இல், பிராட்வே என்ற நியூயார்க் நாடக மேடையில் நடித்து, அதற்கான பெரிய விருதான டோனியை வாங்கியவர். மைக்கே இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். 1989-இல் ஃபிராங்க் சினாட்ராவோடும் சாமி டேவிஸ் ஜூனியரோடும் ஊர் ஊராக மேடைக் கச்சேரி செய்துகொண்டிருந்த அதே வருஷம், 43 வயதில், பெட் ஷாப் பாய்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்களிடம் போய் ‘ரிசல்ட்ஸ்’ என்ற ஆல்பத்தைச் செய்தார். சின்தசைசரும் டிரம் மெஷினும்தான் அவர்கள் தொழில். நீங்கள் கேட்ட ‘லூசிங் மை மைண்ட்’ அதில் உள்ளதுதான். பிரிட்டனில் அந்தப் பாட்டும் ஆறாம் இடம் போனது, ஆல்பமும் ஆறாம் இடம். சொந்த நாடான அமெரிக்காவில் எடுபடவில்லை. இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டு 1971-இல் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம் ஒரு மேடை நாடகத்துக்காக எழுதியது. மேடையில் அது மெதுவான ஏக்கப் பாட்டு. விடிந்தாலும் அவன் நினைப்பு, காப்பி குடித்தாலும் அவன் நினைப்பு, புத்தியே பேதலித்துவிடும் போலிருக்கிறது என்று ஒருத்தி பாடுவாள். அதற்குப் போய் நடனத் தாளமா என்று யாருக்கும் தோன்றும். கேட்டுப் பாருங்கள். மாறாமல் திரும்பத் திரும்ப வந்து இடிக்கும் அந்த மெஷின் அடிதான் அவளுடைய நினைப்பு. அது நிற்காது, அவளாலும் நிறுத்த முடியாது. லைசா எடுத்த எடுப்பில் முழங்காமல் அடக்கிப் பாடுகிறார். தாளம் ஓடுகிறது, அவள் அசையாமல் நிற்கிறாள். பாத்திரத்துக்குள்ளேயே தாளத்துக்குக் காரணம் இருக்கிறது.

அதே ஆல்பத்தில் நேர் எதிராகவும் ஒன்று செய்தார்கள். ‘ரெண்ட்’ பெட் ஷாப் பாய்ஸின் சொந்தப் பாட்டு, 1987-இல் சின்தசைசர் பாட்டாக வந்தது. லைசாவுக்குக் கொடுக்கும்போது தாளத்தைக் கழற்றிவிட்டு, ஆஞ்சலோ படலமென்டி என்ற இசையமைப்பாளரை வைத்து ஆர்கெஸ்ட்ரா எழுத வைத்தார்கள். மேடைப் பாட்டுக்கு மெஷினைக் கொடுத்தார்கள், மெஷின் பாட்டை மேடைக்கு அனுப்பினார்கள். இன்னொரு பாட்டில் பாடுவதை விட்டுவிட்டு ஷேக்ஸ்பியரின் 94-ஆவது சானெட்டை வசனமாகச் சொல்கிறார். அவர் நடிகை என்பதை அவர்கள் மறைக்கவில்லை, அதையே கருவியாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்படியும் நடந்திருக்கிறது: 1979-இல் எதெல் மெர்மன் என்ற பிராட்வே மகாராணி, எழுபது தாண்டிய வயதில், டிஸ்கோ ஆல்பம் போட்டார். மேடையில் பாடும் அதே பாணியில் எதையும் மாற்றாமல் பாடிக் கொடுத்தார், கீழே டிஸ்கோவைப் போட்டார்கள். குரல் ஒரு ஊரில், தாளம் வேறு ஊரில். அத்தனை பெரிய குரலை இன்றும் அந்த ஆல்பத்துக்காகக் கிண்டல் செய்கிறார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குறை குரலில் இல்லை.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் ஆலோலப் பாட்டுக்கு எலக்ட்ரானிக் தாளம் பொருத்தமே. அது திரும்பத் திரும்ப வரும் கூப்பாடு. நாரதரோடு தர்க்கமும் பொருந்தும், வசனத்தைத் தாளத்தின் மேலேயே பேசுங்கள். ஆனால் சந்திரமதி புலம்பலை 128 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 128 அடி வேகத்தில் போட யார் சொன்னது? மயானத்தில் பிள்ளையைக் கிடத்திவிட்டு அழுகிறவளுக்குக் கீழே கிக் டிரம்மா? நீங்கள் சம்மதித்தீர்கள் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தப் புலம்பலுக்கு ஊரே எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவன் நான். அதற்குத் தாளமே வேண்டாம், கீழே ஒரு பேட் ஒலி, அதாவது நீண்டு நிற்கும் மெல்லிய சின்தசைசர் ஒலி மட்டும் போதும். முதலில் நீங்கள் விருத்தமாகத் தாளமில்லாமல் பாடிக் கொடுங்கள், அவர்கள் பிறகு உங்கள் மூச்சைப் பார்த்து ஒலியை அடுக்கட்டும். வரிசை மாறினால் பாட்டு செத்துவிடும்.

மற்ற பாட்டுகளில் உங்களுக்குச் சிக்கல் சுருதியில் வராது. காலமெல்லாம் ஆர்மோனியத்தோடு பாடியவருக்கு சின்தசைசரின் பன்னிரண்டு சுரம் புதிதல்ல. சிக்கல் காலப்பிரமாணத்தில்தான். மேடையில் நீங்கள் இழுத்தால் மிருதங்கம் காத்திருக்கும், ஹெட்போனில் தாளத்துக்காகத் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் காத்திருக்காது. 120 பிபிஎம்மில் ஒரு அடி அரை நொடி. நீங்கள் சாதாரணமாக இழுக்கும் இழுப்பே கால் நொடி இருக்கும், அதாவது பாதி அடி தள்ளிப் போய்விடும். கிளிக்கைப் பாதி வேகத்தில் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு அடிக்கு ஒரு தட்டு என்றால் நடுவில் உங்களுக்கு இடம் கிடைக்கும். வரியின் கடைசியில் இழுங்கள், அடுத்த வரியின் முதல் எழுத்தை மட்டும் தட்டில் வையுங்கள்.

ஹெட்போனில் ஒரு காதை மட்டும் மூடுங்கள். உள்ளே தம்பூரா ஒலி கொஞ்சம் வேண்டும். கீழ் ஒலியான பேஸை மட்டும் கேட்டுப் பாடினால் சுருதி பிடிபடாது. உங்கள் குரல் உங்களுக்கே ஒரு நொடித் துணுக்கு தாமதித்து வருவதுபோல் இருந்தால் பாட்டை நிறுத்துங்கள். கம்ப்யூட்டர் ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவான பஃபரை 128 சாம்பிளோ அதற்குக் கீழோ வைக்கச் சொல்லுங்கள். 1024-இல் விட்டால் போய்த் திரும்ப நாற்பத்தைந்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். உங்களை அறியாமலே நீங்கள் பின்வாங்குவீர்கள், அவர்கள் “அக்காவுக்குத் தாளம் நிக்கல” என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா வராதீர்கள்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். அதைவிட நெருங்கினால் கீழ்க்குரல் வீங்கி முழங்கும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது பின்னால் சாயுங்கள். ரெக்கார்டிங் 24 பிட் என்றால் உச்சம் மைனஸ் 10 டெசிபலில் நின்றாலே போதும், மேலே ஏற்ற அவசரமில்லை. உங்கள் குரலின் பலம் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. சின்தசைசரில் மெட்டு வாசிக்கும் லீட் ஒலி அதே இடத்தில் கத்தினால் நீங்கள் உள்ளே அமுங்கிவிடுவீர்கள். உங்கள் குரலை ஏற்றாமல், சின்தசைசரில் அந்த இடத்தை மூன்று டெசிபல் குறைக்கச் சொல்லுங்கள்.

கட்டையை நீங்களே முடிவு செய்யுங்கள். ஐந்து கட்டை மேடைக்கு. ஸ்டுடியோவில் ஆலோலத்துக்கு அதுவே இருக்கட்டும். அடக்கிப் பாடும் பாட்டுகளுக்கு நாலு கட்டை போதும். அவர்களிடம் ‘எஃப்’ என்று சொன்னால் புரியும். டிராக்கை முடித்துவிட்டு உங்களைக் கூப்பிட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பாடி முடித்த பிறகு கம்ப்யூட்டரில் சுருதியை இறக்கினால் குரல் கனத்து வேறு ஆளாகிவிடும்.

அடுத்து ஆட்டோ-ட்யூன், சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருள். 1997-இல் வந்தது, அடுத்த வருஷமே ஷேர் என்ற அமெரிக்கப் பாடகி ‘பிலீவ்’ பாட்டில் அதைக் கடைசி வேகத்தில் வைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஷேரும் லைசாவும் 1946-இல் பிறந்தவர்கள், ஒரே வயதுக்காரிகள். ஆகவே வயதைச் சொல்லி உங்களைத் தடுக்கிறவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் அந்த மென்பொருளுக்கு பிர்கா தெரியாது. சுருதியைத் திருத்தும் ரீட்யூன் வேகம் அதிகமானால் உங்கள் வழுக்கலைத் தப்பு என்று நினைத்துப் படி படியாக வெட்டிவிடும். நேராக நிற்கும் சுரங்களில் மட்டும் கை வைக்கட்டும், கமகம் வரும் இடங்களில் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

பையன்கள் திறமைசாலிகள். அவர்கள் செய்த வேறு வேலைகளைக் கேட்டிருக்கிறேன், பேஸ் சுத்தமாக இருக்கிறது. இதை அவர்கள் படிக்கிறார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து அவர்களில் யாரும் கேட்டதில்லை. ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் என்னை விட்டுவிட்டு அவர்களிடம் போனீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. கேட்கவில்லை.

எதிரில் ஆளே இல்லாமல் எப்படிப் பாடுவது என்று தயங்காதீர்கள். திரைக்குப் பின்னால் நின்று முதல் அடியைப் பாடிக்கொண்டே மேடைக்கு வருவீர்களே, அப்போது உங்களுக்கு ஜனம் தெரியாது, ஜனத்துக்கும் உங்கள் முகம் தெரியாது. குரல் மட்டும்தான் போகும். அந்தக் குரலில் நீங்கள் கத்தியதே இல்லை, கூட்டம் தானாக அடங்கும். ஆல்பம் முழுக்க அந்த முதல் அடியின் குரல் இருக்கட்டும்.

கடைசியாக, எஃபெக்ட் எதுவும் போடாத வெறும் குரல் ஃபைல்கள் ஏழு பாட்டுக்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வேவ் ஃபைலாக, 24 பிட், எம்பி3 வேண்டாம். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு ஒன்றை வீட்டிலும் ஒன்றைத் தம்பி வீட்டிலும் வையுங்கள். மிக்ஸ் பிடிக்கவில்லை என்றால் வேறு யாரிடமாவது கொடுத்து மறுபடி செய்யலாம். என்னிடம் கொடுத்தாலும் செய்வேன். சந்திரமதியை மட்டும் தனியாகக் கொடுத்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் மைக்செட் தம்பி