தாத்தாவின் கால்

அன்பு மகனுக்கு,

நேற்று போனை வைக்கும் முன் "அம்மா, தாத்தாவோட கால் எங்க இருக்கு?" என்று கேட்டாயே, அழுதுவிடுவேன் என்று பேச்சை மாற்றிவிட்டேன். இங்கேதான் இருக்கிறது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், ஷூ மாட்டினபடி, சுவரில் சாய்ந்து நிற்கிறது. தகனத்துக்கு எடுத்துப் போகும்போது கழற்றி வைத்தோம்.

நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் "சண்டைல போச்சுப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எனக்கும் ரொம்ப நாள் அவ்வளவுதான் தெரியும். பாட்டி போன பிறகுதான் ஒரு ராத்திரி உட்கார்ந்து முழுசாகச் சொன்னார்.

1963-ல், பத்தொன்பது வயதில், ராணுவத்தின் பொறியாளர் படைகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். சீனப் போர் முடிந்து பட்டாளத்துக்கு நிறைய ஆள் எடுத்த நேரம். பயிற்சி பெங்களூரில். அந்தப் படைக்காரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், எண்பது வயதிலும் பழைய கூட்டாளிகளுக்கு அவர் தம்பிதான். சாப்பர் என்றால் மற்றவர்களுக்கு முன்னால் போகிறவன். 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 15 ராத்திரி, ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் டாங்கிகள் போக கண்ணிவெடி வயலில் பாதை வேண்டியிருந்தது. கையில் ஒரு கம்பி, அதைச் சாய்வாக மண்ணில் மெல்லக் குத்திக் குத்தி நகர வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் பட்டு அழுத்திவிடும், சாய்த்தால்தான் பக்கவாட்டில் தட்டும். சுத்தமான இடத்தின் ஓரத்தில் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்களாம். நாடாவுக்கு வெளியே விழுந்து கிடந்த ஒருவரைத் தூக்கப் போனதில்தான் இடது பாதம் போனது. மறுநாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணாகதி, 17-ஆம் தேதி மேற்கிலும் சண்டை நின்றது.

பாட்டிக்கு அவர் எழுதியது "காலில் அடி, பயப்படாதே" என்று மட்டும். அந்த இன்லண்டு லெட்டர் இன்னும் கறுப்பு டிரங்குப் பெட்டியில், மேற்கு முனையில் போரிட்டவர்களுக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் மெடலோடு இருக்கிறது. அப்புறம் பூனா, அங்கே செயற்கைக் கால் மையத்தில் நடக்கக் கற்றுக்கொண்டது, பென்ஷன், கணக்கெழுதும் வேலை. இதையெல்லாம் அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நான் பிறந்தது 1973-ல். அதனால் இரண்டு காலோடு அவரை நான் பார்த்ததே இல்லை. தினமும் காலையில் துணி உறையை இழுத்துவிட்டு, வாரை மாட்டி, எழுந்து ஒரு தடவை ஊன்றிப் பார்ப்பார், அந்த டக் என்ற சத்தத்தில்தான் எனக்கு விடியும். சில ராத்திரி இல்லாத பாதம் அரிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்திருப்பார். பாட்டி எதுவும் பேசாமல் வெறும் இடத்தைச் சொறிவது போலக் கையை ஆட்டுவார், கொஞ்ச நேரத்தில் இவர் தூங்கிவிடுவார். அது எப்படி வேலை செய்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவர்தான், பின்னாலேயே ஓடி வந்து. ஒரு ஆளால் அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓட முடியும் என்று அன்றைக்கு நான் ஆச்சரியப்படக்கூட இல்லை. சாயங்காலம் கால் முனையில் ரத்தம் கட்டியிருந்ததை பாட்டி சொல்லித்தான் தெரியும்.

எல்லாரும் அவரை வீரர் என்றார்கள். சரிதான். ஆனால் எனக்கு அவருடைய பெரிய சண்டை பாட்டி படுக்கையில் கிடந்த அந்த ஆறு வருஷம். எழுபது தாண்டிய மனிதர், ராத்திரி மூன்று மணிக்கு வாரை மாட்டிக்கொண்டு எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைப்பார். ஆள் வைக்கலாம் என்றேன். "அந்த அரிப்பை யாரு சொறிஞ்சா?" என்று மட்டும் கேட்டார்.

காலை யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். அவர் அளவுக்குச் செய்தது, இன்னொருவருக்குப் பொருந்தாது. நீ லீவில் வந்து பார்க்கும் வரை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷூவுக்குப் பாலிஷ் மட்டும் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை அவர் போடுவாரே, அது போல.

உன் அம்மா