மொறிஸ் மைனரின் தட்டல் குறித்து

அன்பின் மகளுக்கு,

உன் மொறிஸ் மைனர் காரின் தட்டலைப் பதிந்து நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் காலையில் மூன்று முறை கேட்டேன். தொலைபேசியில் எந்தத் தட்டலும் தகரத்தில் கல் விழுவது போலவே கேட்பதால், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. சத்தம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை நீதான் பார்த்து எழுத வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டுச் சூடேறியதும் அடங்கினால், புகை வெளியேறும் மனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் இடத்தில் காஸ்கட் என்ற அடைப்புத் தகடு ஊதியிருக்கக்கூடும். சூடேறிய பின்னும் மேல்மூடிக்குள் தையல் மெஷின் ஓடுவது போலக் கேட்டால் அது டப்பெட், அதாவது வால்வை அழுத்தித் திறக்கும் கைக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடிவிட்டது. உன்னுடைய 1098 சிசி எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குல இடைவெளி வேண்டும். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கையில் இரண்டாவதையும், இப்படிக் கூட்டினால் ஒன்பது வரும்படி பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் மூடியைத் திறக்க அவசரப்படாதே. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், கார்பரேட்டரில் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி ஒயிலில் கலந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் மட்டம் குறையாமல் ஏறியிருக்கும். விரலில் தேய்த்தால் வழுவழுப்பே இராது. அதைக் கண்டும், கேட்ட தட்டலை டப்பெட் என்றே எண்ணி, இடைவெளியை நான் மீண்டும் மீண்டும் குறைத்துக்கொண்டிருந்தேன். கொடிகாமத்துக்கு அருகில் பிக்-எண்ட் பேரிங் (பிஸ்டனின் தண்டு கிராங்க் தண்டோடு சேரும் இடத்துப் பேரிங்) போய், உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தோம். பின் சீட்டில் நீ நித்திரை.

கனமான தட்டல் கீழிருந்து வந்தால் இதைச் செய்து பார். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி இயக்கு. ஒவ்வொன்றாக நான்கையும் பார். எந்த வயரைக் கழற்றும்போது தட்டல் மெலிகிறதோ, அந்தச் சிலிண்டரின் பிக்-எண்ட்தான் பெரும்பாலும் குற்றவாளி. நான்கிலும் மாற்றமில்லையென்றால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டு. சத்தம் நின்றால் அது வோட்டர் பம்ப் அல்லது டைனமோவின் பேரிங், எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அங்கங்கே ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்தும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அப்போது கழுத்தில் சால்வை கிடக்கக் கூடாது, அந்த விசிறிக்கு மறைப்பு இல்லை.

நாளைக் காலை எஞ்சினை இயக்குமுன் டிப்ஸ்டிக்கை எடுத்து ஒயிலை முகர்ந்து பார்த்து, பெற்றோல் மணம் உண்டா என்று எழுது. சூடான எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒயில் விளக்கு மினுங்குகிறதா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். என் பதில் வரும்வரை மோட்டர்வேயில் ஏறாதே.

இப்படிக்கு,
அப்பா