கார்த்திக்கு நான் போட்ட கட்டைவிரல்

மங்களூர்
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

எலே சங்கரா,

நீ கோபத்தில் இருப்பாய் என்று தெரியும். கார்த்தி பள்ளிக்கூட ஆண்டு விழாவில், 'காந்தாரா' படத்தில் வருகிற பஞ்சுர்லி சாமி வேஷம் கட்டி ஆடின வீடியோவை நீ அனுப்பி ஒன்றரை மாசம் ஆகிறது. அதற்கு நான் போட்டது ஒற்றைக் கட்டைவிரல். அப்புறம் நீ ரெண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. "மங்களூர்க்காரருக்குக் கொழுப்பு கூடிப்போச்சு"ன்னு மதினி சொல்லியிருக்கும். சொல்லட்டும்.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு சுகர் ஏறி ஏறி இறங்குகிறது. மூத்தவள் தெருவில் துளுவில் சண்டை போடுகிறாள், வீட்டுக்கு வந்து தமிழில் கோள் சொல்கிறாள். அண்ணாச்சி சீட்டுப் பணம் விவகாரம் கேள்விப்பட்டேன். அதை நேரில் பேசிக்கொள்வோம், எழுதினால் எனக்கு வாய் கெட்டுப்போகும்.

பதில் போடாததற்கு வேலை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். காரணம் அந்த வீடியோதான். பையன் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் கடைசியில் ஓவென்று ஒரு அலறல் போட்டானே, அதற்கு அரங்கமே விசிலடித்ததே, அந்த இடத்தில் எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. கட்டைவிரலைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

யோக்கியன் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதே. 2022-ல் 'காந்தாரா' வந்தபோது தமிழில் வர ரெண்டு வாரம் ஆகும் என்று நீ காத்திருந்தாய். நான் இங்கே கன்னடத்தில் மூன்று தடவை பார்த்துவிட்டு, உனக்கு போன் போட்டு அதே அலறலை அலறிக் காட்டினேன். நீ பஸ்ஸில் இருந்தாய், பக்கத்து சீட்டுப் பெரியவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார் என்று சொல்லிச் சிரித்தாய். ஆக, கார்த்திக்கு வாத்தியார் நான்தான்.

விஷயம் என்னவென்றால், அந்த வீடியோ வருவதற்கு நாலு நாள் முன்னால் கூட வேலை பார்க்கிறவர் ஊருக்கு ஒரு கோலா பார்க்கப் போயிருந்தேன். பூதம் என்று இங்கே கும்பிடுகிற தெய்வத்துக்கு வேஷம் கட்டி ஆடுகிற சடங்குதான் கோலா. இங்கே வந்து பதினாறு வருஷம் ஆகிறது, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. சீக்கிரம் போனதால் வேஷம் கட்டுவதையும் பார்க்கக் கிடைத்தது. ஓலைக் கொட்டகையில் ஐம்பது வயசு மனிதர் ஒருவர், பகலில் பாக்குத் தோட்டத்தில் கூலி வேலை. உள்ளங்கை அகலக் கண்ணாடியைப் பார்த்து முகம் முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். அது என்ன என்று கேட்டேன். "அரதாள" என்றார்கள். நம்ம அரிதாரம்தான்லே! அரிதாரம் பூசினவன் என்றால் நமக்குக் கூத்தாடி. இவர் அதைப் பூசப் பூசச் சுற்றி இருந்தவர்கள் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். இடுப்பில் குருத்தோலைப் பாவாடை கட்டினார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த அவர் வீட்டு அம்மா தெம்பரை என்கிற சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு பாட்தனா, அதாவது தெய்வத்தின் கதைப்பாட்டு, பாடினாள். பூதம் எங்கே பிறந்தது, எந்த எந்த ஊர் வழியாக வந்தது என்று வரிசையாகப் போகிறது. வில்லுப்பாட்டில் சுடலை பிறப்பைச் சொல்வார்களே, அதே போக்கு. பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை, ஆனாலும் எழுந்து வர மனசில்லை.

நடுராத்திரிக்கு மேல் பூதம் இறங்கியது. பந்தம், சலங்கை, கொம்பு எல்லாம் நீ படத்தில் பார்த்ததுதான். பார்க்காதது ஒன்று. அந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரர், அவர் வந்தால் ஊரே எழுந்து நிற்கிறது, கைகட்டி இந்தக் கூலிக்காரர் முன்னால் நின்றார். தம்பிக்குப் பிரிக்க வேண்டிய பங்கை ஏன் இன்னும் பிரிக்கவில்லை என்று பூதம் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சமாதானம் சொன்னார். பூதம் விடவில்லை, மறுபடியும் கேட்டது. அந்த நேரம் பார்த்து என் பின்னால் நின்ற ஒரு பொடியன் சினிமா அலறலை அலறினான். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பாட்டு நின்றது. அந்த அம்மா திரும்பிப் பார்த்தாள். திட்டவெல்லாம் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பவும் பாட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது.

விடிந்தது. வேஷம் கலைத்துவிட்டு அந்த மனிதர் முற்றத்து ஓரத்தில் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார். காது மடலில் மஞ்சள் இன்னும் போகவில்லை. பெரிய வீட்டுக்காரர் திண்ணையில் நின்றபடி பணத்தைக் கொடுத்தார். இவர் திண்ணையில் ஏறவில்லை, அவரும் ஏறச் சொல்லவில்லை. பம்பதா, பரவா, நலிகே என்று சில சாதியார்தான் இந்த வேஷம் கட்டுகிறார்கள், எல்லாம் ஊர் தள்ளி வைத்திருந்த சாதிகள்.

அதற்கப்புறம்தான் பழைய கன்னடப் படம் 'சோமன துடி'யைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். 1975-ல் பி.வி. காரந்த் எடுத்தது, சிவராம காரந்தின் நாவல். சோமனாக வரும் வாசுதேவ ராவை உனக்கும் தெரியும், 'நாயகன்' படத்தில் உசேன் பாயாக வருவாரே, அவரேதான். இந்தப் படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. சோமன் பண்ணையாள். சொந்தமாக ஒரு துண்டு நிலம் உழ வேண்டும், அது ஒன்றுதான் அவன் ஆசை. தீண்டத்தகாதவனுக்கு யார் நிலம் கொடுப்பார்கள்? மதம் மாறினால் வழி உண்டு. ஆனால் பஞ்சுர்லியை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அதே பஞ்சுர்லிதான் சங்கரா! 'காந்தாரா'வில் நிலத்தை வாங்கிக் கொடுக்கிற சாமி, இதில் நிலத்துக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. பிள்ளைகளை ஒவ்வொன்றாக இழந்துவிட்டு, கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு தன் துடியை, அந்த மேளத்தை, அடித்து அடித்தே சாகிறான். 'காந்தாரா' கடைசியில் இறங்குகிற உக்கிரமான தெய்வம் குளிகா மாதிரி எதுவும் வந்து பண்ணையாரை அடிக்கவில்லை.

'காந்தாரா' மட்டம் என்று சொல்ல வரவில்லை. 1970-ல் நடப்பதாக வரும் அந்தக் காட்சி, பேசுவது நீயா தெய்வமா என்று பண்ணை வாரிசு கேட்க, வேஷம் கட்டி ஆடுகிறவர் காட்டுக்குள் ஓடி மறைந்துபோவாரே, அதை இன்னும் பத்துத் தடவை பார்ப்பேன். நான் முற்றத்தில் பார்த்ததும் அந்தக் கேள்விதான். பெரிய வீட்டுக்காரர் ராத்திரி தெய்வத்துக்குத் தலை குனிகிறார், காலையில் மனிதனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்துகிறார். படம் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு, கடைசிச் சண்டையில் விட்டுவிட்டது. நாம் விசிலடித்தது அந்தச் சண்டைக்கு. ராஜ் பி. ஷெட்டி 2021-ல் எடுத்த 'கருட கமன விருஷப வாகன' பார். அதில் வருகிற ரவுடி கொலை செய்துவிட்டு வந்து மழையில் புலி வேஷ ஆட்டம் ஆடுவான். சாமி வராது, அற்புதம் நடக்காது, ஆனால் முதுகு சில்லிட்டுப்போகும். தசராவுக்கு இங்கே தெருவில் புலி ஆடும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வருகிறது.

ஒரு நல்லதும் நடந்தது, சொல்லாமல் விட்டால் பாவம். 'காந்தாரா' ஓடின சூட்டில் 2022 அக்டோபரிலேயே, 60 வயது தாண்டிய தெய்வ நர்த்தகர்களுக்கு மாசம் 2,000 ரூபாய் என்று கர்நாடக அரசு அறிவித்தது. போன வருஷம் 2025-ல் ரெண்டாவது படம் வந்தபோது ரசிகர்கள் தியேட்டருக்கே வேஷம் கட்டிப் போக ஆரம்பித்து, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று படம் எடுத்தவர்களே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

உன் மாமா சுடலைக்கு ஆடுவாரே. வேட்டைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற நேரம் நாம் தெருவிலேயே நிற்கமாட்டோம் (கொய்யா மரம் விவகாரத்தை நான் எழுதவில்லை, பயப்படாதே). அவர் மாதிரி ஒருத்தன் மேடையில் ஆடி விசில் வாங்கினால் மாமா என்ன சொல்லியிருப்பார்? ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். அந்த அம்மா மாதிரி ஒரு பார்வை பார்த்திருப்பார்.

கார்த்தியைத் திட்டாதே. இந்தக் கடிதத்தையும் அவனிடம் காட்டாதே. பதிலுக்கு ஒன்று செய், லீவு விட்டதும் இங்கே கூட்டி வா. மே 24 வாக்கில் பத்தனாஜெ, அதாவது கோலா காலம் முடிகிற நாள், வந்துவிட்டால் சலங்கையைக் கழற்றி வைத்துவிடுவார்கள், அதற்கு முன்னால் வரவேண்டும். மத்தியானமே அவனைத் தூங்க வைத்துவிடு, ராத்திரி பூரா முழித்திருக்க வேண்டும். காலையில் டீ குடிக்கிற வரைக்கும் உட்கார வைக்கிறேன்.

வரும்போது உடன்குடிக் கருப்பட்டி ரெண்டு கிலோ. சுகர் சமாச்சாரத்தை மதினியிடம் சொல்லித் தொலைக்காதே.

இசக்கி