கொத்துக்கறியில் மசாலா கலக்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொத்துக்கறியைக் குச்சி வடிவில் ஆக்கிச் சமைக்கும் இறைச்சிக் குச்சிகளை வீட்டிலேயே செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பு, மசாலாத் தூளைக் கொத்துக்கறியின் மீது தூவிப் பிசைந்தாலே போதும் என்று கூறுவது சரியன்று. ஒரு கிலோ கறிக்கு 15 முதல் 20 கிராம் உப்பையும், மிளகு, பூண்டு முதலியவற்றையும் ஏறத்தாழ 100 மில்லி ஐஸ் தண்ணீரில் கலந்து ஊற்றினால்தான், ஓரிடத்தில் கரித்தும் மற்றோரிடத்தில் சப்பென்றும் போகாமல் சுவை சீராகப் பரவும். உப்பு தசையிலுள்ள மயோசின் என்னும் புரதத்தைக் கரைத்து வெளிக்கொணர்வதால் கறி பசைபோல் ஒட்டும். உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் உருண்டை விழாத பதம் வரும்வரை பிசைய வேண்டும்.

நீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதைப் புதுச்சேரியின் மே மாத வெயிலில் சமைப்போருக்கு அழுத்திச் சொல்லியிருக்கலாம். கறி சூடேறினால் கொழுப்பு இளகிப் பிரிந்து, வெந்தபின் குச்சி பொடிப்பொடியாக உதிரும், கிருமிகளும் பெருகும். நம் வீடுகளில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து நிதானமாகப் பிசையும் பழக்கம் இதற்கு உதவாது.

குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் புகையூட்டுவோர், போட்டுலிசம் என்னும், கிருமியால் உண்டாகும் கொடிய உணவு நச்சைத் தடுக்க, 6.25 விழுக்காடு சோடியம் நைட்ரைட் கலந்த பதனுப்பை (இறைச்சியைப் பதப்படுத்தும் உப்பை)க் கிலோவுக்கு 2.5 கிராம் மட்டும் எடைபோட்டுச் சேர்க்க வேண்டும். அளவு மீறினால் அதுவே நஞ்சு. சமையலுப்பு என்று தவறாக எண்ணிவிடாதிருக்கவே அதற்கு இளஞ்சிவப்பு நிறமூட்டுகிறார்கள். அதற்குப் பதிலாக வெடியுப்பைப் போடுவது ஆபத்தானது. ஆட்டுக்கறியாயின் குச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசையும், கோழியாயின் 74 பாகையையும் எட்ட வேண்டும் என்பதையும் அடுத்த இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.