ஆனித் தேரோட்டத்தன்று எங்கள் பூனை சோமுவைக் காப்பாற்றியவர்களுக்கு

கல்லிடைக்குறிச்சி பால்கார அண்ணாச்சிக்கும், அவர் வீட்டு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஐயாவுக்கும், ஆட்டோ அண்ணாச்சிக்கும், பாளையங்கோட்டை டாக்டர் அம்மாவுக்கும், அவருடைய உதவியாளர் தம்பிக்கும், இராமையன்பட்டியில் வெள்ளாட்டோடு நின்ற பெரியவருக்கும் வணக்கம்.

அன்றைக்கு உங்களில் ஒருவருக்கும் நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அழுதுகொண்டே வந்தேன், அழுதுகொண்டே போனேன். பெயர் சொல்லி எழுதினால் கூச்சப்படுவீர்கள் என்பதால் பெயர்களை விட்டுவிட்டேன். படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

சோமு எங்கள் வீட்டுக் கடுவன் பூனை, ஆறு வயது. தேரோட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து காரில் கல்லிடைக்குறிச்சி அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஏழு மணி நேரப் பயணம். வழியில் எங்கே நிறுத்தித் தண்ணீர் வைத்தாலும் அவன் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். சாயங்காலத்திலிருந்து மண் தட்டில் ஏறுவதும் குந்துவதும் இறங்குவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்றுதான் நினைத்தேன். விளக்கெண்ணெய் கொஞ்சம் புகட்டினேன். அது என் தவறு. அந்த இரவை அவனுக்கு இன்னும் கடினமாக்கிவிட்டேன். விடியும்வரை தார்சாவில் அவன் பக்கத்திலேயே படுத்திருந்தேன். குந்தும்போதெல்லாம் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தான். ஆறு வருடத்தில் அவனிடம் நான் கேட்டிராத குரல்.

காலையில் என் தம்பி வீட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு, கூட்டம் சேர்வதற்குள் வடம் பிடிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று காரில் கிளம்பிவிட்டான். நான்தான் போகச் சொன்னேன். அவர்கள் போன பிறகு சோமு நுரையாக வாந்தி எடுத்தான். நெல்லையப்பர் தேரோட்டம் என்றால் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கிய எண்களுக்கெல்லாம் அடித்தேன். பல எண்களில் மணி அடித்து ஓய்ந்தது. ஒருவர் எடுத்து, பூனைக்கெல்லாம் பார்ப்பதில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

பால்கார அண்ணாச்சி, நீங்கள் வந்தது அப்போதுதான். பாலை ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "என்ன தாயி, பூனைக்கு என்ன?" என்று கேட்டீர்கள். ஊரில் மாட்டு வைத்தியரைத் தெரிந்து வைத்திருப்பவர் பால்காரர்தானே என்ற யோசனை எனக்கு ஏன் அதுவரை வரவில்லை என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் போனிலிருந்தே டாக்டர் ஐயாவைக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள்.

டாக்டர் ஐயா, நீங்கள் விடுமுறையில் சொந்த ஊருக்குப் போயிருந்தீர்கள். நான் சொன்ன நீண்ட கதையை முழுக்கக் கேட்டுவிட்டு நீங்கள் முதலில் கேட்டது: "கடுவனா, பெட்டையா?" கடுவன் என்றேன். "கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது?" என்றீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மண் தட்டைப் போய்ப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. "அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், அழுத்த வேண்டாம்" என்றீர்கள். தொட்டேன். சாத்துக்குடி அளவுக்கு ஏதோ கல் மாதிரி இருந்தது. "சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. இதற்கு ஒரு நாள் தாங்கும், ஒன்றரை நாள் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. பூனைக்குப் போடும் அளவுக்கு மெல்லிய குழாய் நான் வைத்திருப்பதில்லை. வைத்திருப்பவரிடம் அனுப்புகிறேன்" என்றீர்கள். பத்து நிமிடத்தில் பாளையங்கோட்டை டாக்டர் அம்மாவிடம் பேசிவிட்டுத் திரும்ப அழைத்தீர்கள். தன்னால் முடியாது என்பதைத் தெளிவாகச் சொல்லி, முடிகிறவரிடம் கையோடு சேர்த்துவிட்ட உங்களை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. பைசா வாங்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளை நீங்கள் கேட்டிராவிட்டால் இன்னொரு கரண்டி விளக்கெண்ணெய் புகட்டியிருப்பேன்.

ஆட்டோ அண்ணாச்சி அன்றைக்குத் தன் இரண்டு பிள்ளைகளையும் மனைவியையும் தேருக்குக் கூட்டிப்போவதற்காக வண்டியைக் கழுவி, கண்ணாடியில் பூச்சரம் கட்டி நிறுத்தியிருந்தார். பெரியவள் பாவாடை சட்டையோடு ஏறியே உட்கார்ந்துவிட்டாள். கூடையைப் பார்த்ததும் அவளாகவே இறங்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று எதிரே ஊர் ஊராகச் சனம் தேருக்குப் புறப்பட்டு நிற்க, தேர் ஓடும் திருநெல்வேலி டவுண் பக்கமே போகாமல் மேலப்பாளையம் வழியாக எங்களைப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் இறக்கினார். பள்ளம் மேடு வந்த இடத்திலெல்லாம் வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்தார். திரும்பிப் போகச் சொன்னேன், கேட்கவில்லை. சாயங்காலம் வரை வாசலில் இருந்தார். அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டு தேர் பார்க்கவில்லை.

டாக்டர் அம்மா, உங்களைப் பற்றி எழுதத்தான் எனக்கு வார்த்தை போதவில்லை. பூட்டியிருந்த மருத்துவமனையை எங்களுக்காகவே திறந்தீர்கள். தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல் வந்திருந்தீர்கள். சோமு அப்போது துவண்டு கிடந்தான், காது குளிர்ந்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு குறைந்திருக்கிறது, உடனே குழாய் போடக் கூடாது என்றீர்கள். சிறுநீர் வெளியேறாமல் தேங்கினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும், அது இதயத்தைத் தளர்த்தும், அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் எழவே மாட்டான் என்று எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். முன்னங்காலில் முடியை மழித்து ஊசி ஏற்றி, சலைன் இறங்க விட்டு, துடிப்பு தேறும்வரை அவன் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். உதவியாளர் தம்பி ஒரு பச்சைத் துண்டில் அவனைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவன் குறியின் நுனியை இரண்டு விரலால் மெதுவாக உருட்டி உருட்டி விட்டீர்கள். ரவை மாதிரி ஒரு துகள் உங்கள் கையுறையில் ஒட்டியது. தையல் ஊசியைவிடச் சற்றே தடித்த குழாய். அதை வைத்து, சலைனைப் பீய்ச்சி, கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று எத்தனை முறை என்று தெரியாது. நாற்பது நிமிடம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. எவர்சில்வர் தட்டில் முதல் சொட்டு விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. நாவல்பழச் சாறு போன்ற நிறம். சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு நூல் பிடித்தாற்போல வந்தது. நீங்கள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "நீங்கள் ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று.

பெட்டைக்குச் சிறுநீர்ப் பாதை அகலம்; கடுவனுக்கு நுனிக்கு வர வர ஒடுங்கும். பயந்துபோய்த் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், உலர்ந்த தீனி மட்டுமே தின்று வளர்ந்த பூனைக்கு உப்புத் துகளும் சளி போன்ற கசடும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்ளும். இதை டாக்டர் அம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அந்தக் காகிதம் எங்கள் வீட்டு அலமாரியில் ஒட்டியிருக்கிறது. கடுவன் பூனை வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: அடிக்கடி குந்துகிறது, கத்துகிறது, ஆனால் மண் நனையவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மூன்று நாள் அங்கேயே இருந்தான். அடைப்பு விட்ட பிறகு சிறுநீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டுமாம், அதற்கு ஈடாகச் சலைன் ஏற வேண்டுமாம். உதவியாளர் தம்பி இரவில் எழுந்து எழுந்து அளவெடுத்து, ஒரு பழைய காலண்டரின் பின்புறம் மணி போட்டு எழுதி வைத்திருந்தார். இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணி. தம்பி, உன் வயதில் ஒரு இரவு அப்படிக் கண்விழிக்கவே மனம் வராது. நீ மூன்று இரவு விழித்திருந்தாய்.

குழாயை எடுத்த பிறகு, சிறுநீர்ப் பைக்குள் இன்னும் கல் மிச்சம் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க இராமையன்பட்டி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் அம்மா சீட்டு எழுதிக் கொடுத்தார். 2012-இல் தொடங்கிய கல்லூரி அது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அங்கே வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "என் ஆட்டுக்குக் கால் வீக்கம்தான், அது நிற்கும். நீ முன்னால் போ தாயி" என்றார். அந்த ஆடு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஐயா, அதன் கால் சரியாகிவிட்டதா?

கல் இல்லை. சோமு இப்போது கோயம்புத்தூரில் நலமாக இருக்கிறான். டாக்டர் அம்மா சொன்னபடி உலர்ந்த தீனியைக் குறைத்துவிட்டோம். உப்புப் போடாமல் மீன் அவித்த தண்ணீர் தினமும் உண்டு. வீட்டில் மூன்று இடத்தில் மண்சட்டியில் தண்ணீர் இருக்கிறது. முன்னங்காலில் மழித்த இடத்தில் முடி முழுக்க முளைத்துவிட்டது. அந்தப் பச்சைத் துண்டு எங்களோடு வந்துவிட்டது, துவைத்து வைத்திருக்கிறேன்.

ஆட்டோ அண்ணாச்சி, வருகிற ஆனியில் நாங்கள் முதல் நாளே வந்துவிடுவோம். உங்கள் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். பிள்ளைகளை எங்கள் காரில் அழைத்துப் போகிறேன். பெரியவள் வடம் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
சோமுவின் வீட்டார்,
கோயம்புத்தூர்