பென்சில் கொடுத்த அம்மாவுக்கு நன்றி

குடும்ப வழக்குகள் மட்டும்தான் என்று முடிவு செய்து, தனியாக வக்கீல் தொழில் ஆரம்பித்த புதிது. என் முதல் ஜீவனாம்ச மனு. கட்சிக்காரர் அழுதுகொண்டே சொன்னது ஒன்றையும் விடாமல் 14 பக்கம் எழுதியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

நீதிமன்ற வராண்டாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த வக்கீல் அம்மா, "என்னம்மா, இவ்வளவு கனம்?" என்றார். கட்சிக்காரரின் பெயர் இருந்த முதல் பக்கத்தை மடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். பழைய சண்டைகளைப் பற்றிய பத்திகளின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டுக்கொண்டே போனார். 9 பக்கம் கோடுதான்.

"இதெல்லாம் சரி. வாடகை எவ்வளவு? பிள்ளையின் படிப்புச் செலவு? கணவருடைய சம்பளத்துக்கு என்ன ஆதாரம்? நீதிபதி தேடுவது இதைத்தானே!" அப்புறம் நிமிர்ந்து, "இடைக்கால ஜீவனாம்சம் கேட்டிருக்கிறாயா?" என்றார்.

கேட்கவில்லை. வழக்கு முடியும்வரை அந்தப் பெண் எதை வைத்துச் சாப்பிடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மனுவை அன்று தாக்கல் செய்யவில்லை. அவர் கொடுத்த பென்சிலாலேயே உட்கார்ந்து திருத்தி எழுதினேன். இடைக்காலத் தொகைக்கான மனுவும் சேர்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவரைக் காணோம், பெயர்கூடக் கேட்கவில்லை.

ரொம்ப நன்றி அம்மா. உங்கள் பென்சில் என்னிடம்தான் இருக்கிறது.